டிராகனை எடுத்துவிட்டால் நகரம் நிற்குமா?

டிராகன் ஆளும் நகரம் ஒன்றை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெயினுக்காக (மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பல நாள் ஆடும் தொடர்கதை) வடிவமைக்க உட்கார்ந்தபோது எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான். அரியணையில் இருக்கும் டிராகனைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு கொடுங்கோல் மன்னனை உட்காரவைத்தால் நகரத்தில் என்னென்ன மாறும்? கொடி மாறும், அரண்மனை வாசலின் உயரம் குறையும், அவ்வளவுதான் என்றால் அந்த டிராகன் இன்னும் ஆளவே தொடங்கவில்லை. தண்ணீர் வரும் வழி, வீட்டுச் சுவரின் உள்ளமைப்பு, சந்தையில் கைமாறும் பணம், காவலுக்கு ஆள் எடுக்கும் முறை என்று எல்லாமே குலைந்துபோக வேண்டும். அப்போதுதான் அது டிராகனின் நகரம்.

நண்பர்களுக்கு நான் நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெயினில் அந்த நகரத்தின் பெயர் கரிமுகடு. அணைந்துபோன எரிமலை ஒன்றின் சரிவில் இருக்கிறது. ஆள்பவள் தழலி. சிவப்பு டிராகன், வயது நானூறைத் தாண்டியவள். நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து. அதில் 101 முதல் 800 வயது வரை உள்ள டிராகன் ‘அடல்ட்’ வகை. அதற்கு மேலே ‘ஏன்ஷியன்ட்’. நான் வேண்டுமென்றே அடல்ட் வகையில் நிறுத்திக்கொண்டேன். நகரத்தை ஆள்பவளுக்கு இன்னும் ஏதாவது தேவைப்பட வேண்டும், யாரிடமாவது பேரம் பேசும் நிலை வர வேண்டும். எல்லாம் கிடைத்துவிட்ட ஒருத்தியை வைத்துக்கொண்டு கதையை நகர்த்துவது கடினம்.

வரைபடம் போடுவதற்கு முன்னால் நான் திறந்தது விதிநூலில் சிவப்பு டிராகனின் பக்கத்தை. நெருப்பு மூச்சுக்கு எத்தனை டைஸ் என்பதைப் பார்க்க அல்ல. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு பகுதி வரும்: டிராகன் வசிக்கும் இடத்தைச் சுற்றி நிலம் எப்படி மாறுகிறது என்பது. சண்டைக்குத் தேவைப்படாததால் பல டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நகரம் கட்டுபவருக்கோ புதையலே அங்கேதான் இருக்கிறது. சிவப்பு டிராகனின் குகையிலிருந்து ஆறு மைலுக்குள் சிறு நில அதிர்வுகள் அடிக்கடி வரும். ஒரு மைலுக்குள் இருக்கும் நீர்நிலைகள் எல்லாம் வெதுவெதுப்பாகி கந்தகம் கலந்துவிடும். அதே ஒரு மைலுக்குள் பாறைப் பிளவுகள் நெருப்பு உலகத்துக்கு வாசலாகத் திறந்துகொள்ளும். மூன்றே வரிகள். காம்பஸை எடுத்து குகையை மையமாக வைத்து ஒரு மைலுக்கு ஒரு வட்டம், ஆறு மைலுக்கு ஒரு வட்டம் போட்டேன். நகரத்தின் பாதி அந்த இரண்டு வட்டங்களிலிருந்தே வந்துவிட்டது.

முதலில் தண்ணீர். ஒரு மைல் என்றால் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் எந்தக் கிணற்றைத் தோண்டினாலும் குடிக்க முடியாத கந்தகத் தண்ணீர். அப்படியென்றால் நல்ல தண்ணீர் வெளியிலிருந்து கால்வாயில் வர வேண்டும். கால்வாய் வட்டத்துக்குள் நுழைந்து ஒரு குளத்தில் தேங்கினால் அதுவும் கெட்டுவிடும் என்று நானே ஒரு விதி சேர்த்துக்கொண்டேன். எனவே கரிமுகட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. மூடிய ஓடுகால்களில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வீடுகளில் அன்றன்றைக்குப் பிடித்து அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். பானையில் நேற்றைய தண்ணீர் இருப்பது அந்த ஊரில் வறுமையின் அடையாளம்.

இதிலிருந்து இன்னொன்று தானாக விழுந்தது. சாதாரணமாக ஒரு தலைநகரத்தில் பணக்காரர்கள் அரண்மனையை ஒட்டி வாழ்வார்கள். இங்கே அரண்மனையை ஒட்டி இருப்பது நாற்றமும் சூடும் அதிர்வும்தான். வசதி படைத்தவர்கள் வட்டத்துக்கு வெளியே, நல்ல ஊற்று இருக்கும் இடத்தில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். ஆனால் அதிகாரம் குகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆக, நகரத்துக்கு இரண்டு மேட்டுக்குடி: தழலியின் காதருகே இருக்கும் ‘அகவட்டத்தார்’, கால்வாயின் மடையைக் கையில் வைத்திருக்கும் ‘புறவட்டத்தார்’. முதல் கூட்டத்துக்குச் செல்வாக்கு உண்டு, தாகமும் உண்டு. கேம்பெயினின் அரசியல் முழுவதும் இந்த ஒரு முரணில்தான் நிற்கிறது. அதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வட்டம் போட்டதும் கிடைத்தது.

கந்தகத் தண்ணீர் வெறும் தொல்லையாக மட்டும் இருந்தால் அந்த இடத்தில் யாருமே குடியேறியிருக்க மாட்டார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு ஊர் உருவாக அங்கே பிழைப்பு இருக்க வேண்டும். கந்தகத்தை எரித்து வரும் புகையில் கம்பளியை வெளுப்பது பழைய ரோமானியச் சலவைக்காரர்கள் காலத்திலேயே தெரிந்த தொழில். வெந்நீரும் கந்தகமும் சும்மா கிடைக்கும் ஊரில் அந்தத் தொழில்தானே செழிக்கும்? கரிமுகட்டின் வெண்கம்பளிக்கு என் உலகம் முழுக்கப் பெயர். நெருப்புப் பிளவுகளைச் சுற்றி கண்ணாடிப் பட்டறைகளும் கொல்லுப்பட்டறைகளும் வந்தன. வெனிஸ் நகரம் தீ விபத்துக்குப் பயந்து 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்குத் தள்ளிவைத்தது. நான் அதை அப்படியே திருப்பிப் போட்டேன்: இங்கே உலைகள் எல்லாம் நகரத்தின் நடுவில், தழலியின் வாசலில்.

அடுத்தது சுவர். இதில்தான் எனக்கு நேரம் அதிகம் போனது, சந்தோஷமாகவே போனது. நில அதிர்வு இருக்கும் ஊரில் மரச்சட்டம் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும், கனத்த கல் சுவர் சரியும். நெருப்பு இருக்கும் ஊரில் கல் தப்பிக்கும், மரம் சாம்பலாகும். தழலியின் ஊரில் இரண்டும் உண்டு. என்ன செய்வார்கள் என்று தேடியபோது லிஸ்பன் நினைவுக்கு வந்தது. 1755 நவம்பர் 1ஆம் தேதி அங்கே பெரும் நிலநடுக்கம், கூடவே ஆழிப்பேரலை, பிறகு நாட்கணக்கில் எரிந்த தீ. மீண்டும் கட்டியபோது மரத்தால் கூண்டு போலச் சட்டம் அடித்து அதைக் கட்டுமானச் சுவருக்குள் புதைத்தார்கள். பக்கத்து வீட்டுத் தீ தாவாமல் இருக்க வீடுகளுக்கு இடையிலான சுவரைக் கூரைக்கு மேலே உயர்த்தினார்கள். அந்தக் கூண்டைச் சோதிக்க, மாதிரி ஒன்றைச் சுற்றிப் படைவீரர்களைத் தடதடவென்று நடக்கவைத்ததாகவும் சொல்வார்கள். கரிமுகட்டில் அந்தச் சோதனையைச் செய்வது தழலி. புதுத் தெரு கட்டி முடிந்தால் அவள் வந்து அதன் முனையிலுள்ள திடலில் இறங்குவாள். நின்ற வீட்டுக்கு முத்திரை கிடைக்கும். விழுந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் அந்த ஊரில் அடுத்த வேலை தேட முடியாது.

விளையாட்டு மேசையில் இந்தச் சுவருக்கு வேறு பயன் இருந்தது. கூரைக்கு மேலே எழும் தடுப்புச் சுவர்கள் இருப்பதால் கூரை வழியாக ஓடுவது கடினம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை ஏறித் தாண்ட வேண்டும். அதே சுவர்கள் ஒளிந்துகொள்ள நல்ல மறைப்பு. திருடன் கேரக்டர் ஆடும் நண்பர் இதை முதல் துரத்தலிலேயே பிடித்துக்கொண்டார். நகரத்தின் கட்டடக்கலையை நான் ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, பொன்னுக்கு வருவோம். டிராகன் என்றாலே பொற்குவியல் மேல் படுத்திருக்கும் படம்தான் மனதில் வரும். அந்தக் குவியலுக்கு எவ்வளவு பொன் வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பில் ஐம்பது நாணயம் ஒரு பவுண்டு எடை. ஒரு நாணயம் ஏறக்குறைய 9 கிராம். பொன்னின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். விதிநூலின் பெரும்புதையல் அட்டவணை, தழலி அளவுள்ள டிராகனுக்குச் சராசரியாகத் தருவது 42,000 பொன் நாணயமும் 28,000 பிளாட்டின நாணயமும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வாளிக்குள் அடங்கிவிடும்! பொன் அவ்வளவு கனமானது.

விதிப்படி தழலி பிடிக்கும் இடம் பதினைந்துக்குப் பதினைந்து அடி. அந்தப் பரப்பில் ஒரு அடி உயரத்துக்கு நாணயம் பரப்ப வேண்டுமென்றால், இடைவெளிகளைக் கழித்த பிறகும் எனக்கு 73 டன் பொன் வந்தது. எண்பது லட்சம் நாணயம். பயிற்சி இல்லாத ஒரு கூலியாளுக்கு விதிநூல் சொல்லும் நாள் கூலி இரண்டு வெள்ளி நாணயம். பத்து வெள்ளி ஒரு பொன். எண்பது லட்சம் பொன் என்பது பத்தாயிரம் கூலியாட்கள் ஒரு நாள்கூட விடாமல் ஏறக்குறைய பதினோரு வருடம் உழைத்தால் கிடைக்கும் கூலி. அவளுடைய மெத்தை அது.

இந்தக் கணக்கு முடிந்ததும் எனக்கு ஒன்று புரிந்தது: அவ்வளவு பொன்னும் அவளுக்கு அடியில் இருந்தால் ஊர்ச் சந்தையில் பொன்னே இருக்காது. அப்புறம் மக்கள் எதை வைத்து வாங்கி விற்பார்கள்? சீனாவின் சிச்சுவானில் இரும்பு நாணயத்தைச் சுமக்க முடியாமல் வணிகர்கள் தாள் ரசீதுகளைக் கைமாற்றத் தொடங்கினார்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோங் அரசு அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு தாள் பணம் வெளியிட்டது. கரிமுகட்டிலும் தாள்தான் ஓடுகிறது. தாளில் தழலியின் செதில் அச்சு. ‘இதற்குரிய பொன் என் அடியில் இருக்கிறது’ என்று ஒரு வரி. டிராகன் என்பது அந்த நகரத்தின் வங்கி. உலகத்தில் வேறு எந்த வங்கியின் பெட்டகத்தையும்விட அவளிடம் வைத்த பொன் பத்திரம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்கு மிகவும் பிடிக்கும். அடிமைப்பட்ட மக்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் அது கிடைத்திருக்காது.

நகர வாசலில் என் பார்ட்டி, அதாவது நண்பர்கள் ஆடும் கதாபாத்திரங்களின் குழு, சந்தித்த முதல் சட்டமே இதுதான். உள்ளே வருபவர்கள் கையிலுள்ள பொன்னையெல்லாம் கொடுத்துவிட்டுத் தாள் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு லெவல் அலைந்து திரட்டிய பொன்! போர்வீரன் ஆடும் நண்பர் நேராக வாளைத் தொட்டார். மந்திரவாதி மூட்டைக்குள் மூட்டையாக ஒளித்துவைக்கப் பார்த்தார். வாசல் குமாஸ்தா பொறுமையாக ஒவ்வொரு நாணயத்தையும் எடை போட்டு, கைராசி வாழ்த்து சொல்லி, ரசீது எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு காட்சியே ஒரு மாலைப்பொழுதை நிரப்பிவிட்டது. டிராகன் வாசலிலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவளுடைய ஆட்சி என்றால் என்ன என்பது எல்லோருக்கும் பையில் கையை விட்டதும் தெரிந்துவிட்டது.

பல செஷன்கள் கழித்து பூசாரி ஆடும் நண்பர் கேட்ட கேள்விதான் கேம்பெயினையே திருப்பியது. ‘நாம் அவளைக் கொன்றுவிட்டால் இந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?’ மேசை சற்று நேரம் அமைதியானது. பிறகு வாக்குவாதம் கிளம்பியது. பொன்னை மக்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். மாலியின் மன்னர் மான்சா மூசா 1324இல் புனிதப் பயணமாக கெய்ரோ வழியே போனபோது வாரி வழங்கிய பொன்னால் அங்கே பொன்னின் மதிப்பே சரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அது முழுதாக மீளவில்லை என்று அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி எழுதியிருக்கிறார். எண்பது லட்சம் நாணயம் ஒரே நாளில் ஒரு நகரத்துக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர்க் கணக்குப்பிள்ளை என்பிசி (நானே பேசும் பாத்திரம்) ஒருவரின் வாயால் சொல்லவைத்தேன். டிராகனைக் கொல்வது என்ற ஒற்றை வரி இலக்கு, டிராகனுக்குப் பிறகு நகரம் எப்படி வாழும் என்ற பெரிய வேலையாக மாறியது. இதுவரை நான் நடத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் அது. காரணம், திருப்பியது அவர்கள்.

சண்டை விதிகளிலிருந்தும் ஊர்ப் பழக்கங்கள் பிறக்கும் என்பதை நம்பலாம். அடல்ட் சிவப்பு டிராகன் தன் 120 அடிக்குள் இருப்பவர்களில் தான் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அச்சம் ஊட்ட முடியும். அதை எதிர்க்க சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் டைஸில்) 19 தேவை. எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு குடிமகன் இருபது முக டைஸை உருட்டினால் 19 அல்லது 20 விழுந்தால்தான் தப்புவான். பத்தில் ஒருவர். அந்தப் பத்தில் ஒருவர் யார் என்று தழலிக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? வருடத்துக்கு ஒரு நாள் அவள் திடல்களின் மேல் தாழப் பறப்பாள். வயது வந்தவர்கள் எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். ஓடாமல் நின்றவர்களைக் காவலுக்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ‘நின்றார்’ என்று பட்டம். கரிமுகட்டின் காவலர்கள் திறமைசாலிகள் என்று சொல்ல முடியாது. தைரியசாலிகள் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு நின்றார்கள், அவ்வளவுதான். நடுங்கியும் நகராமல் நின்ற ஒரு கிழவி காவல் தலைவியாக இருக்கிறாள். என் பார்ட்டிக்கு அந்த ஊரில் மிகப் பிடித்த ஆள் அவள்தான்.

பறக்கும் வேகமும் முக்கியம். ஆறு விநாடி ரவுண்டுக்கு (சண்டையின் ஒரு சுற்றுக்கு) எண்பது அடி. ஊருக்கு மேலே இரண்டு கிலோமீட்டர் தூரத்தை நிதானமாகக் கடக்க எட்டு நிமிடம், வேகமெடுத்தால் நான்கு. அபாய மணி அடித்த நொடியிலிருந்து பார்ட்டிக்கு இருக்கும் நேரம் அது. நான் அதை ரவுண்டுகளாக மாற்றி, எண்ணிக்கை காட்டும் டைஸை மேசை நடுவில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். டிராகன் வரும் நேரத்தைச் சொல்லிவிடுவது பதற்றத்தைக் குறைக்கும் என்று சிலர் நினைப்பார்கள். நான் பார்த்தவரை கூட்டத்தான் செய்தது. அறுபது அடிக்குள் வந்துவிட்டால் கண்ணை மூடியும் அவளுக்குத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே ஊர்க்காரர் ஒருவர் வாயால் சொல்லிவைத்தேன். விதிகளை ஊர் அறிவாக மாற்றிக் கொடுத்தால் ஆடுபவர்கள் திட்டம் போடுவார்கள். மறைத்துவைத்தால் அடிபட்டுவிட்டு முறைப்பார்கள்.

மேலிருந்து பார்க்கும் ஒருத்தி ஆளும் ஊரில் மக்கள் எங்கே ஒளிவார்கள்? கூரை போட்ட சந்துகளில். தழலிக்கு அது தெரியும். மூடிய சந்துகளுக்கு வரி போட்டாள். ஒரு கஜம் மூடினால் இவ்வளவு என்று. எனவே பணம் உள்ளவர்கள் நிழலில் நடக்கிறார்கள், இல்லாதவர்கள் வானத்தின் கீழே நடக்கிறார்கள். கொடிக்கம்பம், காத்தாடி, அவளுடைய மேடையைவிட உயரமான கோபுரம், எதுவும் கிடையாது.

நீதியில் நான் கொஞ்சம் கவனமாக இருந்தேன். பதினைந்து அடி அகல ராட்சசி ஒருத்தி தெருச் சண்டையைத் தீர்க்க உட்காரமாட்டாள். அவளுக்கும் மக்களுக்கும் நடுவே ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள்தான் கதைக்கு உயிர். கரிமுகட்டில் அவர்களுக்கு ‘குரல்கள்’ என்று பெயர். தழலி சொன்னதை ஊருக்குச் சொல்வது அவர்கள் வேலை. சொன்னதைத்தான் சொல்கிறார்களா என்று யார் பார்ப்பது? வெனிஸில் சுவரில் சிங்க முகம் செதுக்கி, அதன் வாய்க்குள் புகார்களை ரகசியமாகப் போடும் ஏற்பாடு இருந்தது. அதே போல டிராகன் வாய் வைத்தேன். ஆனால் புகாரைத் தாளில் எழுதக் கூடாது. களிமண் பலகையில் கீறிப் போட வேண்டும், ஏனென்றால் வாயின் மறுபக்கம் சூளை. வெந்த பலகைகள் மட்டும் அவளிடம் போகும். வேகும்போது வெடித்துப் போனவை விதியின் தீர்ப்பு என்று விட்டுவிடுவார்கள். குரல்களைப் பற்றிய புகார்ப் பலகைகள் மட்டும் ஏன் அடிக்கடி வெடிக்கின்றன என்று என் பார்ட்டி விசாரிக்கத் தொடங்கியபோது நான் அதற்கு எந்தப் பதிலும் எழுதி வைத்திருக்கவில்லை. அவர்கள் ஆளுக்கொரு காரணம் ஊகித்தார்கள். யாரோ ஈரக் களிமண்ணில் கூழாங்கல் அழுத்துகிறார்கள் என்ற ஊகம் நன்றாக இருந்தது, அதையே உண்மையாக்கிக்கொண்டேன்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. மனித மன்னனின் ஊரில் எல்லோரும் அடுத்த மன்னனை நினைத்துக் காய் நகர்த்துவார்கள். தழலியின் ஊரில் அடுத்தவர் என்று யாரும் இல்லை. பதவியில் இருப்பவர்கள் எல்லோரும் அவளுக்கு முன்னால் சாவார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளும் சாவார்கள். அவள் ஒரு குடும்பத்தைக் கோபித்துக்கொண்டால் அந்தக் கோபம் ஐந்து தலைமுறைக்கு நிற்கும். ஒரு கொள்ளுப்பாட்டன் செய்த ஒப்பந்தத்தை வார்த்தைக்கு வார்த்தை நினைவில் வைத்திருப்பாள். வழக்கில் சாட்சி வேண்டாம், அவளே பார்த்திருக்கிறாள். இதைக் காட்ட எனக்குக் கிடைத்த எளிய வழி: முதன்முதலாகப் பார்ட்டியைப் பார்த்தபோது அவள் பேசியது அவர்களிடம் அல்ல, குள்ளன் கேரக்டரின் முப்பாட்டனைப் பற்றி. அவர் ஒரு வாசற்கதவு செய்து தருவதாகச் சொல்லியிருந்தாராம். கதவு இன்னும் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், ஆனால் ஒரு தகவல் உதவியது. கொமோடோ டிராகன் என்று நாம் அழைக்கும் உடும்பு ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்னக்கூடியது. பிறகு வாரக்கணக்கில் இரை இல்லாமல் இருக்கும். தழலிக்கும் அதே. மந்தைகளை நகரத்துக்கு ஓட்டிவரும் நாள் ஒரு திருவிழா, அதற்குப் பிறகு வரும் மந்தமான நாட்களில்தான் குரல்கள் தங்கள் சொந்தக் காரியங்களை முடித்துக்கொள்வார்கள். உளவு வேலை செய்ய நினைக்கும் பார்ட்டிக்கு நாட்காட்டி தயார்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரிடமும் பேசியதைச் சொல்லியாக வேண்டும். கொடுங்கோன்மை நடக்கும் நகரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொழுதுபோக்கு அல்ல. ஜப்பானில் தோகுகாவா ஆட்சி 1635இல் சட்டமாக்கிய முறையில், நிலப்பிரபுக்கள் எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) சொந்த நாட்டுக்கும் மாறி மாறி இருக்க வேண்டும், மனைவி மக்கள் எடோவிலேயே தங்க வேண்டும். அதை அப்படியே எடுத்து, தொழிற்சங்கத் தலைவர்களின் பிள்ளைகள் தழலியின் குகையில் வளர்வதாக எழுதியிருந்தேன். குழந்தைகள் ஆபத்தில் இருக்கும் கதை தனக்கு வேண்டாம் என்று நண்பர் ஒருவர் தெளிவாகச் சொன்னார். நல்லது. பிள்ளைகளுக்குப் பதிலாக ஒவ்வொரு சங்கத்தின் தொழில் ரகசியமும் மூல ஏடாக அவள் காவலில் இருக்கிறது என்று மாற்றினேன். சாயம் காய்ச்சும் பக்குவம், கண்ணாடிக்குச் சேர்க்கும் உப்பு, எல்லாம். பிணைப்பு அதேதான். கூடவே, திருடுவதற்கு ஒரு பொருளும் கிடைத்தது.

மேசையில் இதையெல்லாம் எப்படிக் கொடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். நான் வரலாறு வாசிப்பதில்லை. ஒரு தெருவை மட்டும் முழுமையாகத் தயார் செய்வேன்: யார் எங்கே குடியிருக்கிறார், தண்ணீர் எந்த நேரம் வரும், யாருடைய சுவரில் முத்திரை இல்லை, யார் வீட்டுத் தாளை மளிகைக்காரர் வாங்க மறுக்கிறார். மற்ற தெருக்களுக்குப் பெயரும் நாற்றமும் போதும். ஒரு காட்சிக்கு டிராகனின் ஒரு தடயம் என்று வைத்துக்கொள்வேன். நிழல் ஓடியதும் சந்தையே ஒரு கணம் கழுத்தைக் குனிந்து, பிறகு பேரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வது, குழந்தைகள் வானம் பார்க்காமலே ‘வடக்கே போறா’ என்று சரியாகச் சொல்வது. பயத்தைவிடப் பழக்கத்தைக் காட்டுவது அதிகம் வேலை செய்கிறது. நானூறு வருடப் பயம் பயமாகவே இருக்காது, பழக்கமாக மாறியிருக்கும்.

சிவப்பு வேண்டாம் என்பவர்களுக்கும் அதே பக்கங்களில் விருந்து இருக்கிறது. பச்சை டிராகனின் ஒரு மைலுக்குள் எலிகளும் பறவைகளும் அதற்குக் கண்ணும் காதுமாகிவிடும். அந்த ஊரில் பூனை வளர்ப்பது ராஜத்துரோகமா, கடமையா? நீல டிராகனைச் சுற்றி ஆறு மைலுக்கு இடிமழை. வெள்ளை டிராகனைச் சுற்றி அதே தூரத்துக்கு உறைபனி மூட்டம்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது வெள்ளி டிராகனின் நகரம். அதன் இருப்பிடத்திலிருந்து ஒரு மைலுக்குள் தீய குணம் இல்லாத எவரும் தவறி விழுந்தால் காற்றே தாங்கி மெதுவாக இறக்கிவிடும். டிராகனோ அதன் ஆட்களோ தள்ளிவிட்டால் மட்டும் அந்த உதவி இல்லை. மலைமுகட்டு ஊர் என்று வைத்திருக்கிறேன். பாலங்களுக்குக் கைப்பிடி கிடையாது, மாடிகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குதித்துப் போகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்த வணிகர் ஒருவர் எப்போதும் படிக்கட்டிலேயே இறங்குகிறார் என்பதை அக்கம்பக்கத்தார் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவருக்கு உயரம் பயமா, வேறு காரணமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. பார்ட்டி என்ன ஊகிக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.